பத்தாவது தசமம் வரை

2.0023318414.

மியூவான் என்ற துகள் எவ்வளவு வலிமையான காந்தம் என்பதைச் சொல்லும் எண் இது. இயற்பியலாளர்கள் இதை 'ஜி' என்பார்கள். இதில் எந்த இலக்கத்தின் மேல் விரல் வைத்து "இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டாலும் ஒரு விடை உண்டு. தொடக்கத்தில் உள்ள 2 ஓரிடத்திலிருந்து வந்தது. மூன்றாம் தசமத்தில் உள்ள 2 முற்றிலும் வேறிடத்திலிருந்து வந்தது. ஏழாம் தசமத்தில் குவார்க்குகளின் கை இருக்கிறது. ஒன்பதாம் தசமத்தில் டபிள்யூ, இசட் என்ற கனத்த துகள்களின் கை.

ஸ்டாண்டர்ட் மாடல் என்பது 17 அடிப்படைத் துகள்களின் கணக்கு. ஆறு குவார்க்குகள், எலக்ட்ரானும் மியூவானும் நியூட்ரினோக்களும் அடங்கிய ஆறு லெப்டான்கள், விசைகளைச் சுமக்கும் நான்கு துகள்கள், 2012-இல் செர்ன் ஆய்வகத்தில் அகப்பட்ட ஹிக்ஸ். ஈர்ப்பு விசை இதில் இல்லை. விண்மீன் மண்டலங்கள் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் கரும்பொருளும் இல்லை. ஆகவே கணக்கு முழுமையானதல்ல என்று எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் உடையும் என்பதுதான் தெரியாது. அந்த இடத்தைத் தேட இரண்டு வழிகள் உண்டு. துகள்களை இன்னும் பலமாக மோதவிட்டு, புதிதாக ஏதாவது தெறிக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. தெரிந்த ஒன்றையே இதுவரை யாரும் அளக்காத நுட்பத்தோடு அளந்து, கணக்கோடு ஒப்பிடுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வழிதான் என் மனத்தை அதிகம் பிடித்து இழுக்கிறது.

முதலில் அந்த 2. மியூவானும் எலக்ட்ரானும் உடன்பிறப்புகள். மியூவான் 207 மடங்கு கனம், சிறிது நேரத்தில் சிதைந்துவிடும்; மற்றபடி ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு, தற்சுழற்சி என்ற பண்பும் உண்டு. அதனால் இரண்டுமே சின்னஞ்சிறு காந்தங்கள். தற்சுழற்சியையும் காந்த வலிமையையும் இணைக்கும் எண்தான் ஜி. 1928-இல் பால் டிராக் எழுதிய சமன்பாடு அதன் மதிப்பு சரியாக 2 என்றது.

1947-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலிகார்ப் குஷ், ஹென்றி ஃபோலி இருவரும் எலக்ட்ரானின் ஜி 2-ஐவிடக் கொஞ்சம் கூடுதல் என்று அளந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மறு ஆண்டே ஜூலியன் ஷ்விங்கர் காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தனியாக இருப்பதாக நாம் நினைக்கும் எலக்ட்ரான் உண்மையில் தனியாக இல்லை. அது ஓர் ஒளித்துகளை உமிழ்ந்து, கணத்துக்குள் தானே விழுங்கிக்கொள்ளும். குவாண்டம் விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஒளித்துகள் வெளியே இருக்கும் அந்த நேரத்தில் எலக்ட்ரான் காந்தப்புலத்தை எதிர்கொள்ளும் விதம் சற்றே மாறிவிடுகிறது. எவ்வளவு மாறுகிறது? மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி ஏறக்குறைய 137-இல் ஒரு பங்கு. அதை இரண்டு 'பை'யால் வகுத்தால் 0.00116 வரும். ஜி-யில் 2 போக உள்ள மிச்சத்தின் பாதி இதுதான். ஷ்விங்கரின் கல்லறைக் கல்லில், அவர் பெயருக்கு மேலே, இந்தச் சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஒளித்துகள் மட்டும்தான் இப்படி வந்து போகும் என்று எந்த விதியும் இல்லை. இயற்கையில் இருக்கும் துகள் எதுவாயினும், எலக்ட்ரானோடோ மியூவானோடோ ஏதாவது ஒரு வழியில் தொடர்பு இருந்தால், அதுவும் கணநேரம் தலைகாட்டி மறையும். போகும்போது ஜி-யில் ஒரு தடம் விட்டுச் செல்லும். எவ்வளவு கனமான துகளோ, தடம் அவ்வளவு மெல்லியது. இதில் முக்கியமான செய்தி என்னவென்றால், நமக்கு இன்னும் தெரியாத துகள்களும் இதே போல் தடம் விடும். அவற்றை உருவாக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்ட இயந்திரம் நம்மிடம் இருக்க வேண்டியதில்லை. கடைசித் தசமங்களைப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

இது வெறும் நம்பிக்கையல்ல, ஒருமுறை நடந்தும் காட்டியது. ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை லெப் என்ற மோதுவிப்பான் இயங்கியது. நான்கு ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் இசட் துகள்களைப் பதிவு செய்தன. ஆறு குவார்க்குகளில் மிகக் கனமான டாப் குவார்க்கை உருவாக்க லெப்பின் ஆற்றல் போதாது. அதன் நிறை இசட்டைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனாலும் இசட்டின் எண்களில் டாப் குவார்க்கின் தடம் பதிந்திருந்தது. அதை வைத்து அதன் நிறை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 1995-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் டாப் குவார்க்கைக் கண்டுபிடித்தபோது, நிறை அந்த வட்டாரத்திலேயே இருந்தது. கண்ணால் காணாத ஒன்றை நிழலை வைத்தே எடைபோட்டுவிட்டார்கள்.

அதற்கு அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இசட்டின் நிறையை ஒரு லட்சத்தில் இரண்டு பங்கு துல்லியத்துக்கு அளக்க வேண்டுமென்றால், மோதவிடும் துகள் கற்றையின் ஆற்றல் எவ்வளவு என்பதும் அதே துல்லியத்தில் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆற்றலோ நாளுக்குள்ளேயே ஏறி இறங்கியது. காரணம் நிலா. கடலில் ஓதம் எழுவதுபோல் நிலத்தின் மேலோடும் நிலவின் ஈர்ப்பில் எழுந்து தாழ்கிறது. அதனால் 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. பக்கத்து ஏரியின் நீர்மட்டம் மாறினாலும் வளையம் கொஞ்சம் நெளிந்தது. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் காந்தங்களில் ஒரு நடுக்கம் எஞ்சியது. பகலெல்லாம் இருக்கும், நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் அடங்கிவிடும். கடைசியில் பார்த்தால் அது ரயில். ஜெனீவாவுக்கு வந்துபோகும் மின்ரயில்களின் தண்டவாளத்திலிருந்து தரைக்குள் கசிந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி முடுக்கியின் குழாய் வழியே பாய்ந்துகொண்டிருந்தது. துல்லியம் என்றால் உண்மையில் என்ன வேலை என்பதை இந்த ரயிலைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. நல்ல கருவி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கருவியை உலகில் வேறு எதெல்லாம் தொடுகிறது என்ற முழுப் பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.

சிறு ஆய்வகங்களிலும் இந்த வேலை நடக்கிறது. 2023-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் கேப்ரியெல்ஸின் குழு ஒரே ஓர் எலக்ட்ரானைக் காந்தப் பொறியில் நிறுத்தி வைத்து, அதன் ஜி-யை ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் நுட்பமாக அளந்தது. இவ்வளவு துல்லியமான அளவை கிடைத்தும் அதைக் கணக்கோடு முழுமையாக ஒப்பிட முடியவில்லை. கணக்குப் போட நுண்கட்டமைப்பு மாறிலியின் மதிப்பு தேவை. அதை பெர்க்லியில் சீசியம் அணுக்களைக் கொண்டு 2018-இலும், பாரிஸில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு 2020-இலும் அளந்தார்கள். இரண்டு மதிப்பும் ஒத்துவரவில்லை. வேறுபாடு பிழை எல்லைக்கு வெகு தூரம் வெளியே நிற்கிறது. அது தீரும்வரை எலக்ட்ரானின் கடைசி இலக்கங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

மியூவானுக்கு வருவோம். கனத்த துகள்கள் விடும் தடம், அளக்கப்படும் துகளின் நிறை வர்க்கத்துக்கு ஏற்ப ஆழமாகும். 207-இன் வர்க்கம் சுமார் 43,000. அத்தனை மடங்கு கூர்மையான செவி மியூவானுக்கு. சிக்கல் என்னவென்றால் அது வாழ்வதே ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம்தான், அதாவது 2.2 மைக்ரோநொடி.

அதை அளக்கும் முறை அழகானது. நேர்மின்னூட்ட மியூவான்களை ஒரு வட்டக் காந்தத்துக்குள் ஓடவிடுகிறார்கள். காந்தப்புலம் அவற்றின் பாதையை வளைத்து வட்டமாக்குகிறது. அதே புலம் அவற்றின் தற்சுழற்சி அச்சையும் தலையாட்டும் பம்பரம்போல் திருப்புகிறது. ஜி சரியாக 2 என்றால் இரண்டு திருப்பமும் ஒரே வேகத்தில் நடக்கும்; எத்தனை சுற்று ஓடினாலும் அச்சு ஓடும் திசையையே பார்த்திருக்கும். 2-க்கு மேல் இருந்தால் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முந்திவிடும். 29 சுற்றுகளுக்கு ஒருமுறை அது ஒரு முழுத் திருப்பம் முந்தியிருக்கும். ஆகவே இந்தச் சோதனையில் 2 தானாகவே கழிந்துவிடுகிறது. எஞ்சிய சிறு மிச்சம் மட்டுமே கைக்கு வருகிறது. முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அச்சு எங்கே பார்க்கிறது என்று மியூவான் தானே சொல்லிவிடுகிறது. சிதையும்போது அது வெளியிடும் பாசிட்ரான்களில், அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட எதிர் எலக்ட்ரான்களில், ஆற்றல் மிக்கவை பெரும்பாலும் அச்சு காட்டும் திசையிலேயே பாய்கின்றன. வளையத்தின் உள்பக்கம் 24 உணரிகள் அவற்றை எண்ணுகின்றன. எண்ணிக்கை 4.4 மைக்ரோநொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அந்த அலையின் அதிர்வெண்ணும் காந்தப்புலத்தின் வலிமையும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். மியூவான்கள் ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதத்தில் ஓடுவதால் சார்பியல் விதிப்படி அவற்றின் ஆயுள் நம் கடிகாரத்தில் 64 மைக்ரோநொடியாக நீள்கிறது. சராசரியாக நானூறு சுற்றுக்கு மேல் ஓட அது போதும். வேகத்தை இவ்வளவுக்குத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கற்றை மேலும் கீழும் சிதறாமல் பிடிக்க மின்புலம் தேவை. அந்த மின்புலமும் அச்சைத் திருப்பிவிடும். இந்த ஒரு வேகத்தில் மட்டும் அந்த விளைவு அற்றுப்போகிறது. இதற்கு மேஜிக் உந்தம் என்றே பெயர்.

இந்தக் காந்த வளையம் முதலில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தது. 2001 வரை அங்கே எடுத்த தரவுகள் கணக்கைவிடச் சற்று அதிகமான மதிப்பைக் காட்டின. சந்தேகம் தீர வேண்டுமானால் அதிக மியூவான்கள் வேண்டும். அவை சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் இருந்தன. ஒரே வட்டமாகச் சுற்றப்பட்ட மீகடத்திச் சுருள்களைக் கழற்ற முடியாது. ஆகவே 2013 கோடையில், ஏறக்குறைய 15 மீட்டர் அகலமுள்ள அந்த வளையத்தை முழுதாகவே படகில் ஏற்றி, ஃபுளோரிடாவைச் சுற்றி, மிசிசிப்பி ஆற்றின் வழியே 5,000 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள்.

அங்கே அவர்கள் கடைப்பிடித்த ஓர் ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். விடை எங்கே வர வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால், அது வரும்வரை பிழை தேடி, வந்ததும் நிறுத்திவிடும் பலவீனம் யாருக்கும் உண்டு. அதனால் அளக்கும் கடிகாரத்தின் வேகத்தைக் குழுவுக்கு வெளியே இருந்த இரண்டு பேர் ரகசியமாகச் சற்று மாற்றி வைத்து, உண்மையான எண்ணை உறையிலிட்டு மூடினார்கள். ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த பகுப்பாய்வு முழுவதும் தவறான கடிகாரத்தோடுதான். செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தோம் என்று குழு ஒத்துக்கொண்ட பிறகு, 2021-இன் தொடக்கத்தில்தான் உறை திறக்கப்பட்டது. புரூக்ஹேவன் எண் சரியாகவே இருந்தது.

அந்த ஏப்ரல் 7-ஆம் தேதி வெளியான அறிவிப்பு, கோட்பாட்டுக்கும் அளவைக்கும் இடையே 4.2 சிக்மா வேறுபாடு என்றது. தற்செயலாக இப்படி நேர வாய்ப்பு 40,000-இல் ஒன்று. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். அதே நாளில் இன்னொரு கட்டுரையும் வந்தது. செய்திகளில் அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்டால் ஆய்வாளர்களின் குழு எழுதியது அது. ஏழாம் தசமத்தில் கைவைக்கும் குவார்க்குகளின் பங்கைத் தாளில் கணக்கிட முடியாது. குவார்க்குகளைக் கட்டும் விசை அவ்வளவு வலியது. அதனால் அதுவரை, எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு எடுத்த அளவைகளிலிருந்து அந்தப் பங்கைப் பெற்றுவந்தார்கள். இந்தக் குழுவோ வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்து மீகணினியில் நேரடியாகவே கணக்கிட்டது. விடை அளவைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பிற குழுக்களும் அதே முறையில் கணக்கிட்டு ஒத்த விடைகளைப் பெற்றன. 2023-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் புதிதாக எடுத்த மோதல் அளவைகள் பழையவற்றோடு முரண்பட்டன. 2025-இல் கோட்பாட்டாளர்கள் பழைய மோதல் தரவுகளை ஒதுக்கி, கட்டக் கணக்குகளின் அடிப்படையில் புதிய மதிப்பை வெளியிட்டார்கள். அடுத்த சில நாள்களில், ஜூன் 3 அன்று, ஃபெர்மி ஆய்வகம் தன் இறுதி அளவையை வெளியிட்டது. அதன் துல்லியம் நூறு கோடியில் 127 பங்கு. இரண்டும் பிழை எல்லைக்குள் பொருந்தின.

புதிய துகளை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூற்றுக்கணக்கான பேர் எந்தப் பக்கமும் சாயாமல், முதலில் அளவையையும் பிறகு கணக்கையும் இப்படிப் புடம்போட்டு எடுத்திருக்கிறார்கள். டபிள்யூ துகளின் நிறையிலும் இதுவே நடந்தது: 2022-இல் ஃபெர்மி ஆய்வகத்தின் சி.டி.எஃப் குழு சொன்ன மதிப்பு கணக்கிலிருந்து வெகுவாக விலகியது; 2024-இல் செர்னின் சி.எம்.எஸ் குழு கிட்டத்தட்ட அதே துல்லியத்தோடு அளந்தபோது கணக்கோடு ஒத்துப்போனது.

முடிச்சு முழுதும் அவிழவில்லை. மியூவானின் எண்ணில் இப்போது கணக்கின் பிழை அளவையின் பிழையைவிட நான்கு மடங்கு பெரியது. பழைய மோதல் தரவுகளுக்கும் புதியவற்றுக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வகத்தில் வேறொரு முறை தயாராகிறது. மியூவான்களை முதலில் ஏறக்குறைய நிறுத்தி, பிறகு மெல்லிய கற்றையாக முடுக்குவார்கள். அதனால் மின்புலமும் வேண்டாம், மேஜிக் உந்தமும் வேண்டாம். அங்கே மியூவான் ஓடப்போகும் வட்டத்தின் விட்டம் வெறும் 66 சென்டிமீட்டர்.