70 மி.மீ. லென்ஸில் கோளாறு இல்லை, தம்பி

இந்த மாதத்தில் இது மூன்றாவது. நாளை மறுநாள் படப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்த இளம் ஒளிப்பதிவாளர், துண்டில் சுற்றிய லென்ஸ் ஒன்றை, லென்ஸ் பழுதுபார்க்கும் என் மேசையில் வைத்தார். 75 மி.மீ. லெனின்கிராடின் லோமோ ஆலையில், சோவியத் 70 மி.மீ. கேமராவுக்காகச் செய்தது.

"'போரும் அமைதியும்' படத்தில் இருக்கிற பிரம்மாண்டம் வரவில்லை, சார். உள்ளே ஏதோ பழுது."

"எந்தக் கேமராவில் மாட்டினீர்கள்?"

"சூப்பர் 35 அளவு சென்சார் உள்ள கேமராவில்."

இதற்கு மேல் லென்ஸைப் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

லென்ஸ் தனக்குப் பின்னால் ஒரு வட்டப் பிம்பத்தை விழச் செய்கிறது. அதில் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது ஃபிலிம் அல்லது சென்சார். 1960-களில் சோவியத் இயக்குநர் பொந்தார்ச்சுக் 'போரும் அமைதியும்' படத்தை எடுத்தபோது கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவே 70 மி.மீ. (அமெரிக்கர்கள் 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்து 70 மி.மீ. பிரதி போட்டார்கள்.) ஃபிரேமின் அகலம் 50 மி.மீ.க்கு மேல். சூப்பர் 35-இன் அகலம் அதில் ஏறத்தாழப் பாதிதான். அங்கே 75 காட்டிய காட்சியை இங்கே பிடிக்க 36 மி.மீ. லென்ஸ் வேண்டும். பெரிய தோசைக்கல்லின் நடுவில் குட்டித் தோசை வார்த்துவிட்டு, கல் சிறியது என்று சண்டைக்கு வருகிறார்கள். பழைய பூச்சின் நிறமும் ஒளிச்சிதறலும் கிடைக்கும், மறுக்கவில்லை. அகன்ற காட்சி கிடைக்காது. மீதி வெளிச்சம், லென்ஸைக் கேமராவில் மாட்டும் மவுண்டின் உள்சுவரில் பட்டுத் தெறித்துக் கறுப்பை வெளிறச் செய்வதுதான் மிச்சம்.

தலைகீழ்க் கதையும் உண்டு. காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் லோமோவின் சதுர முகப்பு அனமார்ஃபிக் லென்ஸை 36 மி.மீ. அகலச் சென்சாரில் மாட்டிவிட்டு, மூலைகள் இருட்டாக இருக்கின்றன என்று அழுவார்கள். 35 மி.மீ. ஃபிலிமுக்கானது என்று உடம்பிலேயே '35' பொறித்திருக்கிறதே, வாசிக்கக் கூடாதா?

பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் சென்சார் அளவிலேயே எடுத்த படத்தைக் கேளுங்கள். மூலைகளைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பூஞ்சையும் புகைமூட்டமும் தேடுங்கள். வளையம் இறுகியிருந்தால் திருகாதீர்கள். பல பத்தாண்டு பழைய கிரீஸ் அது. மவுண்ட் என்ன என்று கேளுங்கள். சோவியத் மவுண்டான ஓ.எஸ்.டி.-19 என்றால் நிம்மதி: அதில் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை தூரம் 61 மி.மீ., சினிமா கேமராக்களில் பரவலான பி.எல். மவுண்டில் 52, இடையில் அடாப்டர் உட்கார 9 மி.மீ. கிடைக்கிறது. வேறு மவுண்ட் என்றால் முதலில் மெக்கானிக்கைப் பாருங்கள், பிறகு விற்பவரை.

தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள். தூரத்தைத் துல்லியமாக வைக்க உள்ளிருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்று சோஃபாவுக்கடியில் உருண்டுவிட்டால், ஃபோகஸ் அளவுகோலில் உள்ள எண்கள் வெறும் அலங்காரம். போன வருடம் ஒருவர் செல்லோடேப் ஒட்டிக் கொண்டுவந்தார்.

கேமராவை மாற்றத் தம்பிக்கு நேரமில்லை. மீதி வெளிச்சத்தைத் தடுக்க, பின்பக்கத்துக்கு அளவெடுத்துக் கறுப்புத் தகடு ஒன்று வெட்டிப் பொருத்தி அனுப்பினேன். கறுப்பாவது கறுப்பாக வரும்.