தனிமை தானாகப் பக்குவம் தருவதில்லை

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் இருக்கும் லாட்ஜுகளில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வந்த பையன் மருத்துவமனையில் தனி அறையில் இருப்பான். அவன் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கியிருக்கும். புது மஜ்ஜை பிடித்து 'கவுண்ட்', அதாவது அந்த அணுக்களின் எண்ணிக்கை, ஏற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதுவரை உள்ளே போக அனுமதி மிகக் குறைவு. உள்ளே அவன் தனி, லாட்ஜ் அறையில் அவனுடைய அம்மா தனி. இதே வட்டாரத்தில் காட்பாடியில் கணவரை இழந்து வீட்டோடு முடங்கியவர் இருப்பார். ஆம்பூரில் வேலை போனபின் தெருவில் முகம் காட்டாமல் இருப்பவரும் இருப்பார்.

இவர்களிடம் "கஷ்டம்தான் மனுஷனைப் பக்குவப்படுத்தும்" என்று சொல்வது நம் வழக்கம். அதில் பாதிதான் உண்மை. தனிமை முதலில் செய்வது கெடுதல். அந்தக் கெடுதலைத் தணித்து, அதற்குள் சில வேலைகளை ஒரு வரிசையில் செய்தால் மட்டுமே ஆன்மிக வளர்ச்சி என்று நாம் சொல்வது நடக்கிறது. முதலில் உடல், அடுத்து எண்ணம், அதற்கடுத்து பிற மனிதர். உடல் பதறிக்கொண்டிருக்கும்போது தத்துவம் படித்தால் மண்டையில் ஏறாது. பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். தன் பக்தியில் குறை என்று அதை நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் யாரையும் பார்க்காமல், பேசாமல் இருக்கவைத்தார்கள். இன்னொரு நாள் 10 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கவைத்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்தபோது, பசித்தவருக்கு உணவுப் படத்தைக் கண்டதும் நடுமூளையில் எழுந்த அதே வகைத் துலங்கல், தனித்திருந்தவருக்கு மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைக் கண்டதும் எழுந்தது. மூளையைப் பொறுத்தவரை ஆள் துணை இல்லாதது ஒரு பசி. அந்த ஏக்கத்தைப் பலவீனம் என்று திட்டிக்கொள்வதில் பொருளில்லை.

பசி நீண்டால் வேறு மாற்றங்கள் வரும். நீண்ட நாள் தனித்திருப்பவரின் மூளை எச்சரிக்கை நிலைக்குப் போகிறது. பிறர் முகத்தில் வெறுப்பை வேகமாகக் கண்டுபிடிக்கிறது, சில நேரம் இல்லாத வெறுப்பையும். இரவில் தூக்கம் துண்டு துண்டாகிறது. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் எல்லோருக்கும் விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஏறும். முந்தைய நாள் தனிமையாக உணர்ந்தவர்களுக்கு மறுநாள் காலை இந்த ஏற்றம் கூடுதலாக இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கண் விழித்ததுமே நெஞ்சில் கல் வைத்ததுபோல் இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே பயிற்சிக்குக் காலையே சரியான வேளை என்பது எங்கள் கருத்து. செல்போனைத் தொடுவதற்கு முன்பே.

அந்தப் பயிற்சி மூச்சு. இதன் இயக்கம் தெரிந்தால் செய்வதில் நம்பிக்கை வரும். ரத்த அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே உள்ள மகாதமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். உடனே மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறையும். அழுத்தம் இறங்கினால் துடிப்பு கூடும். இந்தத் திருத்தம் ஒரு சுற்று வர ஏறத்தாழ 10 வினாடி ஆகிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றே வேகமாகும், விடும்போது மெதுவாகும் என்பது தனிக் கணக்கு. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். அப்போது இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மூச்சையும் 10 வினாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 6 என்று ஆக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் சின்னத் தள்ளலுக்கும் உயரப் போவதுபோல, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. பதற்றம் தணிவது இதன் விளைவு.

2001-இல் இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 ஆரோக்கியமானவர்களை ஒரு முறை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், இன்னொரு முறை 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரம் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. யாரும் மூச்சை எண்ணச் சொல்லவில்லை. வரியின் நீளமே அதைச் செய்துவிட்டது. ஐந்தெழுத்து ஓதுபவர், தஸ்பீஹ் மணி உருட்டி திக்ரு சொல்பவர், ஜெபமாலை சொல்பவர் என்று மூவரும் வாழும் ஊர் வேலூர். அவரவர் சொல்லை ஒரே மூச்சில், வெளிவிடும் காற்றில், அவசரமில்லாமல் சொன்னால் போதும். நம்பிக்கை இல்லாதவர் 4 வினாடி இழுத்து 6 வினாடி விடலாம். உடலுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சொல்லுக்குப் பொருள் இருக்கும்போது மனம் அலையாமல் நிற்பது எளிது என்பதும் உண்மை.

செய்யும் விதம்: முதுகு சாய்ந்தோ நிமிர்ந்தோ உட்காருங்கள், படுக்கையில் இருப்பவர் படுத்தபடியே செய்யலாம். மூக்கு வழியாக மூச்சு. முதல் வாரம் 5 நிமிடம், பிறகு 10. காலை ஒரு முறை, தூங்கும் முன் ஒரு முறை.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மெதுவாக என்பதை ஆழமாக என்று எடுத்துக்கொள்வது. நெஞ்சு முட்ட இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறையும். தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். பயந்து விட்டுவிடுவார்கள். வழக்கமான அளவுக் காற்று, குறைந்த வேகம், அவ்வளவுதான். 6-க்கு வராவிட்டால் 8 போதும். ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவர் தம் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். கண்ணை மூடியதும் பழைய பயங்கரம் கண்முன் வருகிறது என்றால் கண்ணைத் திறந்தே செய்யுங்கள். சுவரில் ஓர் இடத்தையோ விளக்கையோ பார்த்தபடி. சிலருக்கு அமைதியாக உட்கார்ந்தாலே பதற்றம் கூடும். அவர்கள் விடியற்காலை கோட்டைப் பக்கம் மெதுவாக நடந்தபடி, நடையின் தாளத்துக்குச் சொல்லைச் சொல்லலாம்.

இரண்டு வாரம் போல இதைச் செய்தபின் திணிக்கப்பட்ட தனிமைக்குள்ளேயே தேர்ந்தெடுத்த தனிமை ஒரு துண்டை உண்டாக்க முடியும். 15 நிமிடம் தனியாகச் சும்மா உட்கார்ந்தால் உச்ச உணர்ச்சிகள் தணிகின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதில் கவனிக்கவேண்டியது, தானாக விரும்பி உட்கார்ந்தவர்களுக்கு அந்த நேரம் இதமாக அமைந்தது என்பது. நாள் முழுக்க அறையில் அடைந்திருப்பவருக்கும் "மாலை 5.30 முதல் 5.45 வரை நானாக உட்காருகிறேன்" என்பது வேறு அனுபவம். இதைப் பழைய துறவிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். வள்ளிமலையிலும் போளூர் அருகே திருமலையிலும் சமணர் தங்கிய குகைகளைப் பார்த்தால் முற்றாக மனிதரை வெட்டிவிட்டு வாழ்ந்தவர்கள் என்று தோன்றும். அப்படியல்ல. மழைக்கால நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவது அவர்கள் விதி. உணவு இல்லறத்தார் வீட்டிலிருந்து வரவேண்டும். தனிமைக்குக் கால எல்லை இருந்தது, தினமும் ஒரு மனிதத் தொடர்பும் இருந்தது.

அடுத்தது எண்ணம். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990-களில் பேரிடிக்குப் பின் வரும் வளர்ச்சியை ஆராய்ந்தார்கள். 1996-இல் அவர்கள் தந்த அளவுகோலில் 21 கேள்விகள் உள்ளன. அவை தொடும் ஐந்து பகுதிகளில் ஆன்மிக மாற்றம் ஒன்று. அவர்கள் கண்டது: வளர்ச்சியைத் தருவது இடி அல்ல, அது உடைத்த நம்பிக்கைகளைத் திரும்பக் கட்டும் முயற்சி. நினைப்பு இரண்டு வகை. அழைக்காமலே வந்து அரைத்த மாவையே அரைப்பது ஒன்று; நாமாக உட்கார்ந்து யோசிப்பது மற்றொன்று. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதுதான் வேலை.

அதற்குச் சோதித்துப் பார்த்த வழி எழுதுவது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட முறைப்படி 4 நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்தும் நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்வையும் நிறுத்தாமல் எழுதவேண்டும். எழுத்துப் பிழை பார்க்கக் கூடாது. யாரிடமும் காட்டவேண்டாம், கிழித்தும் போடலாம். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனக்கும். முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். பலன் பிறகு வருகிறது, அதுவும் பெரும்பாலோருக்கு மிதமாகவே. யாருக்குப் பலன் வந்தது என்று எழுத்துகளை ஆராய்ந்தபோது, நாளாக நாளாக 'ஏனென்றால்', 'அதனால்', 'புரிகிறது' போன்ற சொற்கள் கூடியவர்களுக்கு என்று தெரிந்தது. நான்காம் நாளும் "எனக்கு மட்டும் ஏன்?" என்ற ஒரே கேள்வி வந்தால் நிறுத்திவிட்டு, உங்கள் பெயரைப் போட்டு வேறொருவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதிப் பாருங்கள். துக்கம் நடந்த முதல் சில வாரங்களில் இதைத் தொடங்கவேண்டாம். அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பயன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்பது தெரிந்த முடிவு.

எழுதும்போது கடவுள்மேல் கோபம் வரும். வரட்டும். இங்கே ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழுவினர் மருத்துவமனையில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா, அவருக்கு என்மேல் அன்பு உண்டா, இது தீயசக்தியின் வேலையா என்று தவித்தவர்களுக்கு இறப்பு அபாயம் 19 முதல் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே நோயாளிகளை மேலும் ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரையின்படி, தவிப்பு நெடுநாள் நீடித்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஆகக் கோபம் வருவதல்ல, அதில் தங்கிவிடுவதே ஆபத்து. நம் பக்கத்தில் இதைக் கூட்டுவது சுற்றியிருப்பவர்கள். "போன ஜென்மத்துப் பாவம்", "யாரோ செய்வினை வச்சிருக்காங்க", "சனி பிடிச்சிருக்கு" என்று நோயாளியின் தலைமாட்டில் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தவிப்பவருக்குத் தேவை, திட்டாமல் கேட்கும் ஒரு குருக்களோ ஹஜ்ரத்தோ ஐயரோ ஃபாதரோ. பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள், நர்ஸிடம் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது, பிற மனிதர். இதற்கு வேலூரிலேயே பதிவான ஒரு வாழ்க்கை உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து இடுப்புக்குக் கீழே அசைவிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் சீராக்கிவந்த பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று யோசனை சொன்னார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்து அறுவை செய்யத் தொடங்கினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் முதுகுத்தண்டு பாதித்தவர்கள் தங்கிப் பயிலும் மையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. விபத்துக்கும் மையத்துக்கும் இடையே 12 ஆண்டுகள். மூன்று மாதத்தில் "இதிலிருந்து என்ன கற்றாய்?" என்று யாரையும் கேட்பது கொடுமை.

பிறருக்கு உதவ எல்லோரும் அறுவை செய்யவேண்டியதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 846 பேரை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு, முந்தைய ஆண்டில் பிறருக்கு உதவியவர்களிடம் மனஅழுத்தம் இறப்பு அபாயத்தைக் கூட்டவில்லை என்றது, உதவாதவர்களிடம் கூட்டியது. லாட்ஜில் புதிதாக வந்த குடும்பத்துக்குப் பதிவு வரிசை எங்கே, மலிவாகப் பாத்திரம் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று காட்டுவதும் உதவிதான். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் என்று அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். தன் துக்கத்தைப் பார்க்காமல் இருக்க ஓடி ஓடி உழைப்பவர் சில மாதத்தில் படுத்துவிடுகிறார்.

வளர்ந்தோமா என்று எப்படித் தெரியும்? நம் சொல்லை நம்பமுடியாது. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா ஃப்ரேசியர் 2009-இல் மாணவர்களை அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, 'வளர்ந்தேன்' என்று அவர்கள் உணர்ந்ததற்கும் உண்மையான மாற்றத்துக்கும் தொடர்பு மிகக் குறைவாக இருந்தது. ஆகவே செயலைப் பாருங்கள். கோபம் வந்தபின் தணிய எவ்வளவு நேரமாகிறது, உதவி கேட்க வாய் வருகிறதா, வீட்டில் இருப்பவர் என்ன சொல்கிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, சாகவேண்டும் என்ற நினைப்பு, இல்லாத குரல் கேட்பது, தூங்காமலேயே களைப்பில்லாமல் பரபரப்பது, இவற்றில் எது வந்தாலும் தியானத்தைக் கூட்டக்கூடாது. நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416, நாள் முழுவதும் இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, வெளியே வரும் கட்டம். கவுண்ட் ஏறி ஊர் திரும்பியவரும், வருடம் கழித்து முதல் கல்யாணத்துக்குப் போகிறவரும் எதிர்பாராமல் தடுமாறுவது இங்கேதான். மூளையின் எச்சரிக்கை நிலை உடனே இறங்காது. சித்தப்பா சும்மா திரும்பிக்கொண்டதும் அவமதிப்பாகப் படும். முதல் சந்திப்புகளை 20 நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கு முன் ஒருவரையோ இருவரையோ தனியாகப் பாருங்கள், போவதற்கு முன் அந்த 5 நிமிட மூச்சை விடாதீர்கள். யாராவது முகம் சுளித்ததாகத் தோன்றினால் மனதில் வைத்து அரைக்காமல் மறுநாளே கேட்டுவிடுங்கள்; பெரும்பாலும் அவர்களுக்கு அது நினைவிலேயே இருக்காது.