கோயில் மைக்கின் ஊளையும் பிரையன் மேயின் கிட்டாரும்

"ஒரு தடவைதானே தட்டுறாரு, சத்தம் ஏன் நிக்கவே மாட்டேங்குது சார்?"

போன சனிக்கிழமை ஒரு பதினாறு வயதுப் பையன் என்னிடம் கேட்ட கேள்வி இது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அப்பா இருந்தவரை ரப்பர் ஷீட் காயப்போட்ட இடம். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஐந்தாறு பேர் அங்கே கூடிப் பாட்டுக் கேட்போம், கொஞ்சம் வாசிப்போம். எல்லாரும் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், ஈப்போவிலிருந்து வாங்கிவந்த கேசட்டுகளில் 'குயின்' என்ற ஆங்கிலேய ராக் குழுவைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். அவருடைய கிட்டார் எது, அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எது, மேடையில் எந்த இடத்தில் நிற்பார் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

கூட வந்த பையன் கைப்பேசியில் பார்த்த ஒரு கச்சேரியைக் காட்டித்தான் அதைக் கேட்டான். மே கம்பியை ஒருமுறை தட்டிவிட்டு இடது விரலை அப்படியே அழுத்திப் பிடித்திருக்கிறார். சுரம் தேயவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. கை எதையும் மாற்றவில்லை. "அது அவரு கைராசி" என்றார் நண்பர் ஒருவர். கைராசியை நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்குள் இருக்கும் இயற்பியல் அதைவிட அழகானது. அதைப் பையன் சின்ன வயதிலிருந்தே கோயிலில் கேட்டு வளர்ந்திருக்கிறான்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, வேப்பிலைத் தோரணம், உருமி மேளம். தலைவர் பேச மைக்கைப் பிடிக்கிறார். உடனே காதைக் கிழிக்கும் ஓர் ஊளை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசாரி மைக்கின் பக்கம் வரும்போதெல்லாம் இப்படி ஊளை வந்தது. சாமிக்கு ஏதோ குறை என்றார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். பிள்ளைகள் நாங்கள் பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தோம். கடைசியில் ரேடியோ செட் போட வந்தவர் ஏணி வைத்து ஏறி, கூம்பை, ஆட்கள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் பக்கமாகத் திருப்பிக் கட்டினார். ஊளை நின்றது. அன்று எனக்குள் விழுந்த கேள்விதான் பின்னால் என்னை அறிவியல் ஆசிரியராக்கியது. முனியாண்டியை நான் இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் காரணம் தெரிந்த ஒன்றுக்குச் சாமியின் கோபத்தைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

ஊளையின் காரணம் ஒரு சுற்றுவட்டம். மைக்கில் விழும் சிறு ஒலியை ஆம்ப் பெருக்குகிறது, கூம்பு அதை வெளியே விடுகிறது, வெளியே வந்தது மறுபடி மைக்கில் விழுகிறது. ஒரு சுற்றில் ஒலி இழப்பதைவிட ஆம்ப் தருவது கூடுதலாக இருந்தால் ஒலி வளர்ந்துகொண்டே போகும். இதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம், தமிழில் பின்னூட்டம். கூம்பைத் திருப்பினால் மைக்குக்குத் திரும்பும் ஒலி குறைகிறது, வட்டம் அறுந்துவிடுகிறது.

இதே வட்டத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, அதைப் பாட வைப்பதற்காக ஒருவர் கிட்டாரே செய்தார். 1963 ஆகஸ்டில் பிரையன் மேக்குப் பதினாறு வயது. விரும்பிய கிட்டாரை வாங்க வீட்டில் பணம் இல்லை. மின்னணு வேலை தெரிந்த அப்பா ஹரால்டும் மகனும் சேர்ந்து, கிடைத்த பொருளை வைத்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். கிட்டாரின் கழுத்து, பழைய வீடொன்றின் கணப்படுப்பைச் சுற்றியிருந்த மரச்சட்டம். புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் பகுதிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதன் கைப்பிடி முனையில் பின்னல் ஊசித் துண்டு. விரல் வைக்கும் பலகையில் இடம் காட்டும் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 'ரெட் ஸ்பெஷல்' என்ற அந்தக் கிட்டாரைத்தான் உலகப் புகழ் வந்தபின்னும் அவர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்.

அதன் உடல் முழுக்கக் கெட்டி மரமில்லை. உள்ளே காலி இடங்கள் விட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கரின் ஒலி பட்டால் உடல் அதிரும், அந்த அதிர்வு கம்பிக்குப் போகும். பள்ளியில் படிக்கும் ஒரு பையன் இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, மைக் ஊளையிடுகிறது, கிட்டார் ஏன் பாடுகிறது? இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் தோட்டத்து ஆயாக்கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். நீளமான தூளி மெதுவாக ஆடும், குட்டையானது வேகமாக ஆடும். ஆயாம்மா நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் லேசாக இழுத்துவிடுவார். சரியான நேரத்தில் இழுத்தால் சுண்டுவிரல் பலம் போதும், ஆட்டம் குறையவே குறையாது. தப்பான நேரத்தில் இழுத்தால் ஓடுகிற தூளி நின்றுவிடும், குழந்தை விழித்துக்கொள்ளும்.

கிட்டார் கம்பியும் ஒரு தூளிதான். அதற்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. கூடவே அதன் இருமடங்கு, மும்மடங்கு என்று மேற்சுரங்கள். அவற்றைத் தவிர வேறு எந்த ஒலி வந்து தள்ளினாலும் கம்பி பெரிதாக அசைந்துகொடுக்காது. மைக்கின் மெல்லிய தகடு அப்படி இல்லை, எல்லா ஒலிக்கும் இசைந்துகொடுக்கும். அதனால் அங்கே எந்த அதிர்வெண் மற்றவற்றைக் காட்டிலும் சுலபமாகச் சுற்றி வருகிறதோ அது ஜெயித்துவிடும். பெரும்பாலும் அது காதுக்கு ஆகாத ஒரு கீச்சு. கிட்டாரில் ஜெயிப்பது கம்பிக்குச் சொந்தமான சுரம் மட்டுமே. விரலை நகர்த்தினால் அதுவும் நகரும். வட்டத்துக்குள் ஒரு கம்பியை வைத்ததும் ஊளை இசையாகிவிட்டது.

நாதஸ்வரம் ஓயாமல் ஒலிப்பது மூச்சால், வயலின் வில்லால். தட்டிவிட்ட கம்பிக்கு இரண்டும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் காற்றதிர்வுதான் அதற்கு வில்.

அப்புறம் ஆயாம்மாவின் "சரியான நேரம்". கிட்டாரில் அந்த நேரத்தை முடிவு செய்வது தூரம். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 220 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 220 முறை அதிரும் சுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 1.6 மீட்டர். ஆம்புக்கு முன்னால் ஓரிடத்தில் நிற்கிறீர்கள், திரும்பி வரும் ஒலி கம்பியைச் சரியாகத் தள்ளுகிறது, சுரம் நீள்கிறது. அங்கிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால் போங்கள். அது அரை அலை. இப்போது தள்ள வேண்டிய நேரத்தில் இழுக்கிறது, 220 அடங்கத் தொடங்குகிறது. ஆனால் அதே கம்பியில் 440 ஹெர்ட்ஸ் மேற்சுரமும் ஓடுகிறதே? அதன் அலைநீளம் 80 சென்டிமீட்டர்தான். நீங்கள் நகர்ந்தது அதற்கு ஒரு முழு அலை. அதன் நேரம் கெடவே இல்லை. கீழ்ச்சுரம் விட்டுக்கொடுத்த இடத்தில் மேல் ஸ்தாயி எழுந்து நிற்கிறது. கையை மாற்றாமல் சுரம் மாறியதன் காரணம் இதுதான். மே மேடையில் ஆம்பைப் பார்த்துத் திரும்பி, ஓரடி முன்னே பின்னே வைப்பதைப் பார்க்கும்போது அவர் காலாலும் வாசிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதில் ஆம்புக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அவர் பயன்படுத்துவது 'வாக்ஸ் ஏசி30' என்ற 30 வாட் வால்வு ஆம்ப். நம் தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் சிவந்து எரியுமே, அதே வகை வால்வுதான். அதை முழு ஒலியில் திறந்து வைத்துவிடுவார். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிட்டாரில் இருக்கும் சின்னத் திருகில். வால்வு ஒரு மட்டத்துக்கு மேல் அலையை வளர விடாது. முகடுகள் மழுங்கும், மழுங்கிய அலையில் மேற்சுரங்கள் பெருகும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கம்பி பலமாக அதிர்ந்தாலும் பாதியாகத் தளர்ந்தாலும் வெளியே வரும் ஒலி ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அதனால் தளரும் கம்பிக்குத் திரும்பி வரும் தள்ளல் தளர்வதில்லை. வட்டம் அறுவதும் இல்லை, எல்லை மீறி வளர்வதும் இல்லை. திருகைக் குறைத்தால் அதே ஆம்ப் மணி போலத் தெளிவாக ஒலிக்கும்.

கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மேல் ஒலிகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும் டிரெபிள் பூஸ்டர் என்ற சிறு பெட்டி ஒன்று வரும். இல்லாவிட்டால் கனத்த கீழொலிகள் வால்வுக்குள் குழம்பிச் சேறாகிவிடும். இந்த இரண்டையும் மே தானாகக் கண்டுபிடிக்கவில்லை. இளைஞராக இருந்தபோது அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலாகரின் கச்சேரி முடிந்ததும் அவரிடமே போய், இந்த ஒலி எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரும் ஒரு ரசிகராகத்தான் தொடங்கினார் என்பது எங்கள் கொட்டகையில் எல்லாருக்கும் பிடித்த கதை.

இன்னொரு கதை எனக்கு மட்டும் மிகவும் பிடித்தது. கம்பியின் அசைவை மின்சாரமாக்குவது பிக்கப், அதாவது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான், இடைநிலைப் பள்ளிப் பாடம். மே வாங்கிப் பொருத்திய மூன்று 'பர்ன்ஸ்' நிறுவனப் பிக்கப்புகளில் சுருள் இறுக்கமில்லாமல் தானே அதிர்ந்து கீச்சிட்டது. அதாவது பிக்கப் மைக்காக மாறியது, கோயில் ஊளை உள்ளே புகுந்தது. அவர் உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி உறைய வைத்தார். சுருள் அசையாது, கம்பி மட்டும் அசையும். கெட்ட வட்டத்தை அடைத்து நல்ல வட்டத்தைத் திறந்து வைத்த வேலை இது. பெரிய ஆய்வகத்தில் நடந்த வேலை இல்லை.

நாணயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் பிளாஸ்டிக் மீட்டி வைத்திருப்பதில்லை, பழைய ஆங்கிலேயச் சிக்ஸ்பென்ஸ் நாணயத்தால் தட்டுகிறார். அதன் ரம்பப்பல் விளிம்பு கம்பியில் உரசும்போது சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சரசரப்பு வரும். நம் நாட்டின் பழைய பத்து சென் நாணயமும் ஏறத்தாழ அதே அளவு, அதே செம்பு நிக்கல் கலவை, அதே மாதிரி விளிம்பு. 2012-க்கு முந்தையதைத் தேடி எடுங்கள். எங்களில் ஒருவர் ஆண்டுக்கணக்காக அதில்தான் வாசிக்கிறார்.

மே வானியல் ஆய்வாளரும்கூட. கிரகங்களுக்கு இடையே சூரிய ஒளியைச் சிதறடிக்கும் தூசியைப் பற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970-களின் தொடக்கத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். இசை இழுத்துக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 2007-இல் அறுபது வயதில் முனைவர் பட்டம் பெற்றார். இதைப் பெற்றோர் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம் தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளுக்கு உதவ வருபவர்கள் கட்டடத்துக்கும் பரிசளிப்பு மேடைக்கும் மனமாரக் கொடுக்கிறார்கள். ஒரு சால்டரிங் கோல், நாலு காந்தம், ஒரு சுருள் செம்புக்கம்பி, பழைய ஸ்பீக்கர் ஒன்று, பிள்ளைகள் உடைத்துப் பார்க்க அனுமதி, இதற்கும் கொடுங்கள் என்பது என் கோரிக்கை. ஹரால்டு மகனுக்குக் கொடுத்தது ஒரு வேலை மேசையையும் தன் மாலை நேரங்களையும்தான்.

அன்றைக்குப் பையனிடம் இத்தனையையும் சொல்லவில்லை. கிட்டாரைக் கழுத்தில் மாட்டிவிட்டு, கொட்டகையிலிருக்கும் சின்ன வால்வு ஆம்பை முழுக்கத் திறந்தேன். மூன்றாவது கம்பி, இரண்டாவது கட்டம். அது 220 ஹெர்ட்ஸ். தட்டிவிட்டு மெதுவாக நடக்கச் சொன்னேன். ஓரிடத்தில் சுரம் தானே வீங்கி நின்றது. அங்கே சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டான். இன்னும் பின்னால் போனான். கொஞ்சம் தடுமாறி, மேல் ஸ்தாயி கிளம்பியது. இன்னொரு கோடு. தகரச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கணக்கைக் குழப்பும் என்பதால் சரியாக 80 வராது என்று முன்பே சொல்லியிருந்தேன். அளவுநாடா 74 காட்டியது. உடனே விரலை இரண்டு கட்டம் மேலே நகர்த்தித் தட்டினான். பழைய கோடுகளில் சுரம் நிற்கவில்லை. புதுக் கோடு தேடி நடக்கத் தொடங்கினான்.

இரவு பத்தரைக்கு அவன் அம்மா வந்து கூப்பிட்டபோது தரையில் பதினொரு கோடுகள் இருந்தன.