‘லோப்தெ’ என்று பிள்ளை சொன்னால் பயப்படாதீர்கள்

“அக்கா, இவனுக்கு டச்சு பின்னுக்குப் போகுது. முந்தி வடிவாச் சொன்ன சொல்லையே இப்ப பிழையாச் சொல்லுறான்.”

ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தாய், கதிரையில் உட்காரும் முன்பே சொன்னது இது. நான் நெதர்லாந்தில் பேச்சு மொழிச் சிகிச்சை செய்கிறேன். இங்கே லோகொபெடிஸ்ட் என்பார்கள். என்னிடம் வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதே கவலையோடுதான் வருகிறார்கள்.

அந்தப் பையன் விட்ட பிழை இதுதான். டச்சில் லோப்பன் என்றால் நடப்பது. ‘நடந்தேன்’ என்பதற்கு லீப் என்று சொல்ல வேண்டும். முன்பு அவன் லீப் என்றுதான் சொன்னானாம். இப்போது லோப்தெ என்கிறான். வகுப்பு ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் தமிழைக் குறைத்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மூன்று கிழமையாக அந்தத் தாய் தன் பிள்ளையோடு தனக்குச் சரளமாக வராத டச்சிலேயே கதைத்து வந்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு மனம் கனத்துப் போனது. அந்த மூன்று கிழமையும் தேவையே இல்லை.

லோப்தெ என்ற சொல்லை அவன் யாரிடம் கேட்டிருப்பான்? ஆசிரியை சொல்லமாட்டார், தொலைக்காட்சியிலும் வராது. யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைப் பிள்ளை தானே கட்டியிருக்கிறான். எப்படிக் கட்டினான் என்று பார்த்தால் பயம் போய்விடும்.

டச்சு வினைச்சொற்களில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. வினையடியோடு ‘தெ’ அல்லது ‘டெ’ சேர்த்தால் இறந்தகாலம். வெர்க்கன், வேலை செய்வது: வெர்க்தெ. வோனன், வசிப்பது: வோன்டெ. (தமிழ் எழுத்தில் இந்த இரண்டு ஒலியையும் பிரித்துக் காட்டுவது சிரமம். இங்கே வல்லோசையைத் தெ என்றும் மெல்லோசையை டெ என்றும் எழுதுகிறேன்.) எதற்கு எது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ‘கொஃப்ஸ்கிப்’ என்ற ஒரு பழைய பாய்க்கப்பலின் பெயரைச் சொல்லித்தருவார்கள். வினையடியின் கடைசி ஒலி அந்தப் பெயரில் இருந்தால் தெ, இல்லாவிட்டால் டெ. குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த அம்மா அப்பாக்களுக்கு இந்தக் கப்பல் நன்றாகவே நினைவிருக்கும்.

இன்னொரு கூட்டம் அடங்காத சொற்கள். லோப்பன் லீப் ஆகும், ஸ்வெம்மன் (நீந்துவது) ஸ்வொம் ஆகும், கோப்பன் (வாங்குவது) கொக்த் ஆகும். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் தினமும் வாயில் வருகிற சொற்கள் இவைதான். அதனால் சின்னப் பிள்ளை முதலில் இவற்றைக் கேட்டபடியே பாடமாக்கிச் சொல்லும். பிறகு ஒரு கட்டத்தில் தெ, டெ விதி அதற்குப் பிடிபடுகிறது. பிடிபட்ட விதியை எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிறது. லீப் போய் லோப்தெ வருகிறது, ஸ்வொம் போய் ஸ்வெம்டெ வருகிறது. இன்னும் நிறையக் கேட்ட பிறகு லீப் திரும்பி வரும், அப்புறம் போகாது. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பின்னடைவு மாதிரித் தெரியும். எனக்கு இது பிள்ளை விதியைக் கண்டுபிடித்ததற்கான தடயம். வீட்டில் டச்சு மட்டுமே பேசுகிற பிள்ளைகளும் இதே வழியால்தான் வருகிறார்கள்.

இதை உறுதிசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. இல்லாத ஒரு வினைச்சொல்லைக் கொடுத்துப் பார்ப்பது. 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் ஆங்கிலப் பிள்ளைகளிடம் இப்படிப் பொய்ச்சொற்களைக் கொடுத்துச் சோதித்தார். எங்கள் துறையில் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிற முறை.

என் அறையில் ஒரு துணிக்கரடி இருக்கிறது. அதை ஒற்றைக்காலில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “பார், கரடி ஷூப்பன் செய்கிறது. ஒவ்வொரு நாளும் ஷூப்பன்தான். நேற்று கரடி…” என்று டச்சில் சொல்லி நிறுத்தினேன். பையன் கரடியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். “ஷூப்தெ!” என்றான். அடுத்து கரடியின் காதை மூக்கில் தொடவைத்து, இது ஃப்ளூமன் என்றேன். நேற்று? “ஃப்ளூம்டெ.” ஒன்றுக்குத் தெ, மற்றதற்கு டெ. கொஃப்ஸ்கிப் என்ற பெயரை அவன் காதாலும் கேட்டதில்லை.

தாய் என்னைப் பார்த்து, “இதை எங்க படிச்சவன்?” என்று கேட்டார். எங்கேயும் படிக்கவில்லை. கேட்ட நூற்றுக்கணக்கான வசனங்களில் இருந்து தானே எடுத்திருக்கிறான்.

பெரியவர்களிடமும் இதே திறமைதான் வேலை செய்கிறது. டச்சில் சொல்லின் கடைசியில் வரும் மெல்லோசை வல்லோசையாகிவிடும். லேவன் (வாழ்வது) என்பதில் நடுவில் இருப்பது வ. ‘நான் வாழ்கிறேன்’ என்று சொல்லும்போது அது லேஃப் என்று ஃப் ஓசையில் முடியும். ப்ளஃபன் (குரைப்பது) என்பதும் ப்ளஃப் என்று முடியும். ஆனால் இறந்தகாலம் லேஃப்டெ, ப்ளஃப்தெ. அப்படியென்றால், முன்பின் கேட்டிராத ஒரு வினையின் ‘நான்’ வடிவத்தை மட்டும் கேட்டவர் தெ போடுவாரா, டெ போடுவாரா? கப்பலின் பெயர் இங்கே உதவாது. மிர்யம் ஏர்னெஸ்தஸ், ஹரால்ட் பாயென் என்ற மொழியியலாளர்கள் இருவரும் இதைத்தான் பொய்ச்சொற்களை வைத்துச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். டச்சுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு ஓசையில் நெருங்கிய, தங்களுக்குத் தெரிந்த சொற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கமே பெரும்பாலும் சாய்ந்தார்கள். மொழியறிவு விதிப்புத்தகத்தில் மட்டும் இல்லை, காதில் சேர்ந்த சொற்களின் கூட்டத்திலும் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது இந்த ஆய்வைப் படித்தபோதுதான்.

புதிதாக வந்த சொற்களைப் பாருங்கள். நாங்கள் தமிழில் ‘டிலீட் பண்ணினேன்’ என்று பண்ணுவைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். டச்சு நேரடியாகவே ஒட்டிவிடும்: மெய்லன், மெய்ல்டெ. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது ஆப்பன், அனுப்பியது ஆப்தெ. ஸௌகன் (உறிஞ்சுவது) அடங்காத சொல், அதற்கு ஸோக். ஆனால் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் வீடு துப்புரவாக்குவது ஸ்டொஃப்ஸௌகன், அதன் இறந்தகாலம் ஒழுங்காக ஸ்டொஃப்ஸௌக்டெ. டச்சு மொழியே சில பழைய சொற்களைப் பிள்ளைகளைப் போல ஒழுங்காக்கியிருக்கிறது. சிரித்தான் என்பதற்கு முன்பு லூக் என்றார்கள், இன்றைக்கு லக்தெ. அன்றைக்கு அதை முதலில் சொன்ன பிள்ளையையும் யாராவது திருத்தியிருப்பார்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்?

லோப்தெ என்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஐந்து, ஆறு வயதாகியும், போதுமான அளவு டச்சு கேட்டும், ‘நேற்று நான் பள்ளிக்கூடம் நடப்பது’ என்பதுபோல வினையை மாற்றாமல் வெறுமனே விடுகிற பிள்ளை, கரடி விளையாட்டில் நேற்று என்றாலும் ஷூப்பன் என்றே சொல்கிற பிள்ளை, அவர்களைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். மொழி வளர்ச்சிக் குறைபாடு, இங்கே தே ஓ எஸ் என்று சுருக்கமாகச் சொல்வது, நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு பேருக்கு இருக்கிறது. அதன் அடையாளங்களில் வினைச்சொல் தடுமாற்றமும் ஒன்று. இந்த ஒரு விளையாட்டை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. குறைபாடு உண்மையில் இருந்தால் அது பிள்ளையின் இரண்டு மொழியிலும் தெரியும். டச்சில் மட்டும் தடுமாற்றம் என்றால், இன்னும் போதிய டச்சு காதில் விழவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அன்றைக்கு அந்தத் தாயிடம், மகனைத் தமிழில் ஏதாவது கேட்கச் சொன்னேன். “இவ்வளவு நேரமும் என்ன செய்தனீ?” என்று கேட்டார். “கரடியோட விளையாடினனான்” என்றான். இறந்தகாலம் அப்படியே இருக்கிறது. மூன்று கிழமைக்கு முதல் நிறுத்திய தமிழை அன்று மாலையே தொடங்கச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் பிள்ளை டச்சில் லோப்தெ என்றால் ‘பிழை, திருப்பிச் சொல்லு’ என்று நிறுத்தாதீர்கள். உங்களுக்கு டச்சு வசதியாக வருமானால், “ஓ, நீ லீப்பா? யாரோடு?” என்பதுபோல சரியான சொல்லை உங்கள் பதிலுக்குள் வைத்துக் கதையைத் தொடருங்கள். வசதியாக வராவிட்டால் தமிழிலேயே கேளுங்கள், கதை நிற்காமல் போனால் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டச்சில் சில இறந்தகாலங்கள் காதுக்குத் தெரியவே தெரியாது. வக்தன் (காத்திருப்பது) என்ற சொல்லின் பன்மை நிகழ்காலமும் இறந்தகாலமும் எழுத்தில் வேறு, பேச்சில் ஒன்றுதான். அங்கே பிள்ளை தடுமாறினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் வீட்டு மருத்துவரிடமோ லோகொபெடிஸ்டிடமோ போங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை அடிப்படைக் காப்புறுதியில் அடங்கும், சொந்தப் பங்குப் பணம் கட்டத் தேவையில்லை. வரும்போது, பிள்ளை ஒரு கிழமையில் சொன்ன வசனங்கள் பத்தை, டச்சிலும் தமிழிலும், சொன்னது சொன்னபடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தயவுசெய்து திருத்தி எழுதாதீர்கள். எனக்கு அந்தப் பிழைகள்தான் வேண்டும்.