முதல் மழைக்குப் பிறகு சோளத்தில் மாடு இறங்கினால்

கதிர் பிடிக்காமல் காய்ந்த சோளத்தை அறுத்து மாட்டுக்குப் போடுவது வறட்சிக்கால வழக்கம். தானியம் போனாலும் தீவனமாவது மிஞ்சட்டும் என்கிற கணக்கு. சரியான கணக்குதான், பயிரின் வேதியியலையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோள இலையில் டுரின் என்றொரு பொருள் உண்டு. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில்தான், ஆனால் வேறு செல்களில். மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. அசைபோடும் விலங்குகளுக்கு ஆபத்து கூடுதல்: முதல் இரைப்பையின் நுண்ணுயிர்களும் இதே வேலையைச் செய்கின்றன. பன்றிக்கு அவ்வளவு பயமில்லை, வயிற்று அமிலம் நொதியை முடக்கிவிடும்.

ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு உயிரைப் பறிக்கும். பச்சைத் தீவனம் ஒரு கிலோவில் 200 மில்லிகிராம் இருந்தால், 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 3 கிலோ போதும். மெதுவாகத் தின்றால் உடல் ஓரளவு சமாளிக்கும். பட்டினி கிடந்த மாடோ அள்ளி விழுங்கும். அதனால் முதலில் வைக்கோல் போட்டு வயிற்றை நிரப்புவது வீண் வேலை அல்ல.

உச்ச ஆபத்து வறட்சியின் நடுவில் இல்லை, மழை பெய்த பிறகுதான். அடிக்கட்டையிலிருந்து பச்சைப் பசேலென்று வெடிக்கும் துளிரில் டுரின் மிகுதி. துளிர் 60 சென்டிமீட்டரைத் தாண்டும்வரை மாட்டை விடக் கூடாது. கம்பில் டுரின் கிடையாது.

ஆனால் கம்பும் தப்பாத இன்னொரு நஞ்சு நைட்ரேட். வேர் உறிஞ்சியதைப் புரதமாக்க வாடிய பயிரால் முடிவதில்லை. தண்டின் அடியில் அது தேங்குகிறது. மழை பெய்ததும் வேர் இன்னும் வேகமாக இழுக்கும். எனவே ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, அடியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். உரம் அதிகம் இட்ட வயல் என்றால் சந்தேகம் கூடுதலாக இருக்கட்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நன்றாக உலர்த்தினால் சயனைடு பெரும்பாலும் பறந்துவிடும், நைட்ரேட் அப்படியே இருக்கும். ஊறுகாய்ப்புல்லாக்கினால், அதாவது குழியில் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்தால், இரண்டுமே குறையும், ஆனால் குழியை நான்கு வாரமாவது மூடி வைக்க வேண்டும். அரைகுறையாக வாடிய தட்டையை நம்பவே கூடாது.

சோதனை எளிது. நசுக்கிய இலையைக் குழாயில் போட்டு, மேலே மஞ்சள் நிற சோடியம் பிக்ரேட் தாளைத் தொங்கவிட்டு மூடினால், சயனைடு இருக்கும்போது தாள் செங்கல் நிறமாகும். பிளந்த தண்டில் டைஃபீனைலமைன் கரைசல் ஒரு சொட்டு விட்டால் நைட்ரேட் கருநீலம் காட்டும். அந்தக் கரைசலில் அடர் கந்தக அமிலம் இருப்பதால் கையுறை கட்டாயம்.

மாடு தள்ளாடி மூச்சிரைத்தால் ஈறைப் பாருங்கள். சயனைடு என்றால் முதலில் பளிச்சென்ற சிவப்பு: இரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கிறது, செல்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. நைட்ரேட் என்றால் இரத்தம் சாக்லேட் பழுப்பு. சயனைடுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சோடியம் நைட்ரைட். நைட்ரேட்டால் விழுந்த மாட்டுக்கு அதே மருந்து கூடுதல் நஞ்சு, அதற்கு வேண்டியது மெத்திலீன் ப்ளூ. மருத்துவரை அழைக்கும்போதே மாடு எதைத் தின்றது, மழை பெய்து எத்தனை நாள், ஈறு என்ன நிறம் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள்.