பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பியாச்சு: அரசிடம் எதை, யாரிடம் கேட்பது?

பக்கவாதம் வந்தவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது குடும்பத்தின் கையில் இருப்பது ஒரு சம்மரி, சில நாள் மாத்திரை, "அடுத்த மாசம் ஓ.பி.க்கு வாங்க" என்ற ஒரு வரி. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் தமிழ்நாடு அரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தெரியாதவர்கள் கடன் வாங்கித் தனியாரிடம் காட்டுகிறார்கள், பணம் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கை கால் அதிகம் தேறும் முதல் மூன்று மாதம் அதிலேயே போய்விடுகிறது.

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். இதற்கு வருமானச் சான்று வேண்டாம், காப்பீட்டு அட்டை வேண்டாம், மாற்றுத்திறனாளி அட்டையும் வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களும் கேட்கலாம். ஆனால் தானாக வராது. ஆஸ்பத்திரி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லியிருக்கும் என்று காத்திருக்காதீர்கள். சம்மரியின் ஜெராக்ஸோடு நீங்களே போய் அங்குள்ள என்.சி.டி. (தொற்றா நோய்) நர்ஸைப் பாருங்கள்.

போனதும் மாத்திரை, பிசியோதெரபி, ஆதரவு சிகிச்சை என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் வேறு வேறு ஆட்கள். "பேர் எழுதியாச்சு" என்பார்கள். பல நேரம் அது மாத்திரைக்கு மட்டும்தான். படுக்கைப்புண், மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் எல்லாம் ஆதரவு சிகிச்சை நர்ஸின் வேலை. குழாய் போட்ட தேதியும் மாற்ற வேண்டிய தேதியும் சம்மரியில் இல்லையென்றால், டிஸ்சார்ஜ் அன்றே வார்டில் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

மாத்திரையில் ஓர் ஆபத்து உண்டு. இந்தத் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்குக் கொண்டுவருவது முதன்மையாக பி.பி., சுகர் மாத்திரைகள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுப்பவை), அடோர்வாஸ்டாடின் (கொழுப்பைக் குறைப்பது) என்று வேறு மாத்திரைகளும் இருக்கும். மாத்திரைப் பை வந்துவிட்டது, எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று நினைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தெரியாமலே நின்றுபோகிறது. அடுத்த பக்கவாதத்துக்கு இது நேர்வழி. ஒவ்வொரு மாதமும் பையைச் சம்மரியோடு வைத்துச் சரிபாருங்கள். இல்லாததை அரசு மருத்துவமனை ஓ.பி.யில் வாங்குங்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்குதான். தினமும் வரமாட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முதல் தடவை வரும்போது வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், செய்வதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு இறங்கிவிட்டால் அந்த வலியிலேயே பயிற்சி நின்றுவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) முக்கியமாக உள்நோயாளியாகச் சேரும்போதுதான் உதவும். மாதாமாத மாத்திரைக்கும் வீட்டு பிசியோவுக்கும் அதைக் காட்டிப் பயனில்லை. ஆனாலும் அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். நெஞ்சில் சளி கட்டியோ மறுபடி பக்கவாதம் வந்தோ சேர்க்க நேர்ந்தால், அந்த நேரத்தில் வருமானச் சான்றுக்கு அலைய முடியாது.

அதிக அலைச்சல் மாற்றுத்திறனாளி சான்றிதழில்தான். நரம்புப் பாதிப்புக்குப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே குறைபாட்டின் சதவீதம் போடுவார்கள். அதற்கு முன் போய் வண்டிக் கூலியை வீணாக்க வேண்டாம். பக்கவாதம் வந்த தேதி சம்மரியில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதிலேயே தகராறு வரும். "உங்க ஆதார் வேற மாவட்டம், அங்க போங்க" என்று திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017 மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின்படி குடியிருக்கும் மாவட்டத்திலும் விண்ணப்பிக்கலாம், சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தருவதும் அவர்கள் கடமை.

பேச்சும் போனவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவில் கை காலை மட்டும் பார்த்து சதவீதம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பேச்சு, மொழிக் குறைபாடு தனி வகை. அதையும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டையும் நேராகக் கூட்டமாட்டார்கள். பெரிய சதவீதத்தை 90-லிருந்து கழித்து, மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய சதவீதத்தோடு சேர்ப்பார்கள். கை காலுக்கு 60, பேச்சுக்கு 45 என்றால் 60-உம் 15-உம் சேர்ந்து 75. பேச்சை விட்டுவிட்டால் வெறும் 60.

இந்த வித்தியாசம் பணத்தில் தெரியும். 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2023 ஜனவரியில் அது மாதம் 2,000 ரூபாய் ஆனது. 40-லிருந்து 74 வரை உள்ளவர்கள் போக வேண்டியது தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். அது வருவாய்த் துறை ஓய்வூதியம், அதே 2023-இல் 1,500 ஆனது. அங்கே வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். 60 சதவீதச் சான்றிதழோடு நல அலுவலகத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, கடைசியில் "இது எங்க வேலை இல்லை" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். முதல் கவுன்ட்டரிலேயே இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது, சொல்வதில்லை. இரண்டு தொகையும் சேர்த்துக் கிடைக்காது. குறைந்த ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே பெரியதற்கு மனுப் போட்டால் நிராகரிப்பார்கள்; எப்போது, எப்படி மாற்றுவது என்று நல அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

எந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். வாயால் சொன்ன பதிலை வைத்து எங்கும் முறையிட முடியாது. சீட்டு எண் இருந்தால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100-இல் புகார் பதியலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் காட்டலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அது தற்காலிகமா நிரந்தரமா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பலருக்கும் காலவரம்பு போட்டுத்தான் தருகிறார்கள். அந்தத் தேதி தாண்டினால் உதவித்தொகையும் நின்றுவிடலாம். மூன்று மாதம் முன்பே மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.