அறக்கட்டளை இணையதளமும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும்: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அரசு அலுவலகங்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்ற எண்ணம் தொண்டு நிறுவனங்களிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு. சட்டத்தின் 2-ஆம் பிரிவு ‘தனியார் நிறுவனம்’ என்பதற்குள் அறக்கட்டளை, சங்கம், கூட்டுறவு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. சேவை தருபவர் அரசானாலும் தனியாரானாலும், மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல் விதிகளின்படியே தர வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. கல்வி, மருத்துவம், மறுவாழ்வு, தகவல் எல்லாம் சட்டம் சொல்லும் பொதுச் சேவைகள்தாம். எனவே, உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் சிறிய ஊர் அறக்கட்டளைக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

சட்டத்தை மீறினால் 89-ஆம் பிரிவின்படி முதல் முறை ரூ.10,000 வரை அபராதம். மறுபடி மீறினால் ரூ.50,000-க்குக் குறையாமல் ரூ.5 லட்சம் வரை. விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லி 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அணுகல் தரநிலைகளைச் சொல்லும் 15(1)-ஆம் விதியைச் செல்லாததாக்கியது. விதிதான் போய்விட்டதே என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. தீர்ப்பின் பொருள் நேர் எதிரானது: சட்டக் கடமை அப்படியே நிற்கிறது, அதற்கு இன்னும் வலுவான விதி வேண்டும் என்பதே நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

இணையதளம் செய்பவரிடம் கேட்க வேண்டிய இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802. உலக அளவில் பயன்படும் இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளான டபிள்யூசிஏஜி (WCAG) 2.1-இன் ஏஏ நிலை இதற்கு அடித்தளம். வேலை ஒப்பந்தத்திலேயே இந்த இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள். ‘எல்லோருக்கும் ஏற்றதாக இருக்கும்’ என்ற வாய்ச்சொல்லை வைத்துப் பிறகு யாரையும் கேள்வி கேட்க முடியாது.

தமிழ்த் தளங்களில் முதல் சிக்கல் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’ கண்ணுக்குத்தான் அம்மா. உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் பார்வையற்றவரின் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் அவற்றைத்தான் வாசிக்கும். அச்சகத்திலிருந்து வந்த பழைய ஆண்டறிக்கையை வெட்டி ஒட்டும்போது இது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். அடுத்து, பக்கத்தின் மொழிக் குறியீட்டைப் பாருங்கள். வார்ப்புருவில் ஆங்கிலம் என்று இருந்ததை மாற்றாமல் விட்டால், யுனிகோடு தமிழையும் ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று எழுத்துகளை விழுங்கும். நிரலில் ‘லாங்’ (lang) என்ற இடத்தில் தமிழைக் குறிக்கும் ‘டிஏ’ (ta) என்று போட ஒரு நிமிடம் போதும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் படிவம்தான், அது நன்கொடைக்கானாலும் உதவி கேட்பதற்கானாலும். ‘உங்கள் பெயர்’ என்பதைக் கட்டத்துக்குள்ளேயே மங்கலாகக் காட்டினால், தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நினைவாற்றல் சிக்கல் உள்ளவர் தடுமாறுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியே நிலையான பெயர் வேண்டும், அது நிரலிலும் அந்தக் கட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டாதீர்கள். ‘கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். பிறந்த தேதிக்கு நாள்காட்டி மட்டும் வைத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். தட்டச்சு செய்யவும் வழி வையுங்கள். படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்தைத் தட்டச் சொல்லும் கேப்ட்சாவை எடுத்துவிடுவதே நல்லது. நேரம் முடிந்து படிவம் அழிந்துபோகும் என்றால் முன்பே எச்சரித்து, நீட்டிக்க ஒரு பொத்தான் தர வேண்டும்.

கியூஆர் குறியீட்டைப் படமாகப் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கைப்பேசியிலேயே தளத்தைப் பார்ப்பவர் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? யுபிஐ முகவரி, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றையும் நகலெடுக்கக்கூடிய எழுத்தாகக் கீழே கொடுங்கள். தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் இருந்தால் காது கேளாதவருக்கு வழியே இல்லை. மின்னஞ்சலும் குறுஞ்செய்தி எண்ணும் சேரட்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. ஆரஞ்சுப் பொத்தானில் வெள்ளை எழுத்து பெரும்பாலும் இதில் தோற்கும். தானாக ஓடும் படங்கள் 5 நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும் பொத்தான் வேண்டும். காணொளிக்கு வசன வரிகள் வேண்டும். தானியங்கி வரிகளைத் திருத்தாமல் விடக் கூடாது.

பிடிஎஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்த கோப்பு வெறும் படம். நன்கொடைச் சான்றிதழ், விண்ணப்ப விதிமுறை எல்லாம் இப்படித்தான் ஏறுகின்றன. சட்டத்தின் 21-ஆம் பிரிவு கேட்கும் சமவாய்ப்புக் கொள்கையும் பல இடங்களில் ஸ்கேன் படமாகவே கிடக்கிறது. யாருக்காக எழுதினார்களோ அவரால் அதைப் படிக்க முடியாது என்பது வேதனை. வேர்டில் தலைப்புகளைத் தலைப்புப் பாணியில் அமைத்து, ‘பிடிஎஃப்பாகச் சேமி’ என்று கொடுங்கள். ‘பிடிஎஃப்பாக அச்சிடு’ என்றால் அந்த அமைப்பு உதிர்ந்துவிடும். இரண்டு பக்கச் செய்திக்குப் பிடிஎஃப்பே வேண்டாம், வலைப்பக்கமாகவே போடலாம்.

ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுதும் சட்டப்படி ஆகிவிடும் என்று விற்கப்படும் மிதக்கும் பொத்தான்களுக்குப் பணம் கட்டாதீர்கள். இப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 2025-இல். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பார்வையாளரின் உலாவியிலேயே இருக்கிறது. பெயரில்லாத கட்டத்துக்கு அந்தப் பொத்தானால் சரியான பெயர் வைக்க முடியாது.

சோதிக்கச் செலவில்லை. மவுஸை ஒதுக்கிவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் 100 ரூபாய் நன்கொடை செலுத்திப் பாருங்கள். இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோடு திரையில் தெரிய வேண்டும். அழகுக்காக அதை நீக்கிவிடும் வடிவமைப்பாளர்கள் ஏராளம். பிறகு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஆகிய ஸ்கிரீன் ரீடர்களைக் கொண்டு அதே படிவத்தைக் கேளுங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிகள் படத்துக்கு அதை விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும், அது சரியா என்று சொல்லாது. ஆகவே, ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவருக்கு உரிய கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடையைச் சந்திப்பவர் முதலில் நிறுவனத்துக்கு எழுதலாம்: எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்தக் கருவி, என்ன நடந்தது, எந்தத் தேதி. பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.